மாமியார் மறித்த பாதை

கிரிபோ ஆற்றங்கரையில் பெசிகோவுக்குத் தெரியாத முகம் கிடையாது, ஒன்றைத் தவிர. தன் மருமகன் எலாதியோவின் மூக்கு சப்பையா எடுப்பா என்று கேட்டால் அவள் விழிப்பாள். மூன்று வருடமாக அவனுடைய பாதங்களையும் முதுகையும்தான் பார்த்திருக்கிறாள். ஙாபே ஜனங்களாகிய எங்களுக்குள் மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை, நேராகப் பேசிக்கொள்வதும் இல்லை. எதிரே வந்தால் அவன் பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கிவிட வேண்டும். இவள் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதில் பகையும் இல்லை, பயமும் இல்லை. மரியாதை, அவ்வளவுதான். இதை மீறினவனை ஊரில் நாய்கூட மதிக்காது.

எலாதியோ மரியாதை தெரிந்த பிள்ளை என்பது கல்யாணமான முதல் மாதத்திலேயே ஊருக்குத் தெரிந்துபோனது. பெண் எடுத்தவன் கொஞ்சகாலம் மாமியார் நிலத்தில் பாடுபட வேண்டும். அவன் கொக்கோ மரங்களுக்கு அடியில் களை வெட்டிவிட்டு ஒற்றை மரப்பாலத்தில் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து பெசிகோ, நெற்றியில் பட்டை மாட்டி, முதுகில் நார்ப்பை நிறையப் பச்சை வாழைக்காயோடு பாலத்தில் ஏறிவிட்டாள். பாரத்துக்குக் குனிந்த தலை, அவனைக் கவனிக்கவில்லை. அவன் கவனித்தபோது நடுப்பாலம். ஒதுங்க இடமில்லை. அவன் யோசிக்கவே இல்லை, பூட்ஸோடு ஆற்றில் குதித்துவிட்டான். தண்ணீர் இழுத்த இழுப்பில் ஒரு பூட்ஸ் போனது. பாறையில் மோதி இடது பெருவிரல் நகமும் போனது. பெசிகோ கரையேறி, திரும்பிப் பார்க்காமலே, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா!" என்று வாழைக்காயிடம் சொன்னாளாம். அந்த நகம் அப்புறம் முளைக்கவே இல்லை.

நேராகப் பேச முடியாதவர்கள் நடுவில் யாரையாவது வைத்துத்தான் பேச வேண்டும். பெசிகோவின் மகள் தெல்பினா பக்கத்தில் இருந்தால் அவள். இல்லாவிட்டால் நாய். அந்த நாய்க்கு அமைச்சர் என்று பெயர் வைத்தது பெசிகோதான்.

"சாப்பிடுது, தூங்குது, தேவைப்பட்டா மட்டும் வாலாட்டுது. வேற என்ன பேரு வைக்கிறதாம்?" என்பாள்.

"அமைச்சரே, பிபா பழம் பழுத்துப்போச்சு, முள்ளு மரத்துல ஏற வேணாம், கம்பால இழுத்தாப் போதும்னு சொல்லு" என்று அவள் உள்ளேயிருந்து சொன்னால், வேலிக்கு அப்பால் எலாதியோ, "அமைச்சரே, நேத்தே இழுத்தாச்சுன்னு சொல்லுங்க" என்பான். நாய் இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விடும். இப்படியே ஒரு குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது.

பெசிகோவுக்கு வயது ஐம்பத்து நான்கு. குள்ளமான உடம்பு, கனத்த குரல், சிவப்பு நாகுவா. அந்த நீள அங்கியின் விளிம்பில் முக்கோணப் பட்டைகளைக் கையால் சுற்றும் தையல் மெஷினில் அவளே வைத்துத் தைப்பாள். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் உடுத்துகிறார்கள். சிறு வயதில் குளிர்மலைத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்தாள். கல்யாணமான பிறகு புருஷன் கான்தீதோவோடும் போய்ப் பறித்தாள். கான்தீதோ ஆற்று வளைவில் கொக்கோ நட்டான், சேம்பு வைத்தான், பாம்பு கடித்துச் செத்தான். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த வளைவை அவள் தனியாகக் கட்டிக் காத்தாள்.

அவள் பிறந்தது அங்கே இல்லை. கீழே, கடலோரச் சமவெளியில். அவளுக்கு ஒன்பது வயதானபோது வாழைத்தோட்டம் போட வேண்டும், காலி செய் என்று அரசாங்கத்தார் அவள் அப்பாவிடம் சொன்னார்கள். பதிலுக்கு மலைப்பக்கம் அதே அளவு நிலம் என்று ஒரு தாள் நீட்டினார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மை தொட்டுக் கட்டைவிரலை வைத்தார். குடும்பமே நாலு நாள் நடந்து தாளில் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே முள்கம்பி வேலி, உள்ளே மாடுகள், வாசலில் துப்பாக்கியோடு ஒரு ஆள். அவனிடமும் ஒரு தாள் இருந்தது. அவனுடைய தாளில் முத்திரை பெரியது.

கடைசியில் அம்மா வழிச் சொந்தம்தான் கிரிபோ வளைவில் இடம் கொடுத்தது. எங்களிடம் நிலத்துக்குத் தாள் கிடையாது. யார் எதுவரைக்கும் பாடுபடலாம் என்று சொந்தபந்தத்துக்குத் தெரியும், விற்கிற பேச்சே கிடையாது. அப்பா மட்டும் அந்தத் தாளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வருடா வருடம் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் வந்தார். "அடுத்த வாரம் வா" என்பார்கள். போவார். அப்படியே போய்ப் போய்ச் செத்தார். டப்பா பெசிகோவிடம் வந்தது. பாதித் தாளைப் பூஞ்சை தின்றுவிட்டது, கட்டைவிரல் ரேகை மட்டும் அப்படியே இருந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? எவன் தாள் நீட்டினாலும் பெசிகோ ஒரே வார்த்தைதான் சொன்னாள். "ஞாகரே." எங்கள் பேச்சில் இல்லை, முடியாது, மாட்டேன் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

ஆற்றின் குறுக்கே அணை கட்டப்போகிறார்கள் என்கிற பேச்சு முதலில் அரிசி மூட்டையாகத்தான் வந்தது. அதிகாரி வெர்காரா என்று ஒருவர், சலவை மடிப்புக் கலையாத சட்டையும் சேறு படாத பூட்ஸுமாய்ப் படகில் வந்து இறங்கினார். வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி, கூரைக்குத் தகடு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. இரண்டாவது தடவை வந்தபோது அட்டையில் செய்த குட்டி வீடுகளைக் காட்டினார். சிமென்ட் வீடு, வரிசையாக, நெருக்கமாக.

"இதுல சேம்பு எங்க நடுறது?" என்று கேட்டாள் பெசிகோ.

"அங்க கடை இருக்கும் சேன்யோரா. வாங்கிக்கலாம்."

"ஆறு?"

"குழாய் இருக்கும்."

"அந்தக் குழாயில மீன் வருமா?"

வெர்காரா சிரித்துக்கொண்டே தாளை நீட்டினார். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

மூன்றாவது தடவை சிரிப்பு இல்லை. "இங்க பாருங்கம்மா, எங்க வரைபடத்துல இது உங்க ஜனங்களுக்குன்னு ஒதுக்குன எல்லைக்கு வெளிய இருக்கு. இது அரசாங்க நிலம். நீங்க இருக்கிறதே தப்பு."

"அப்படியா? இந்தக் கொக்கோவ நட்டது எந்த அமைச்சரு? எனக்குத் தெரிஞ்சு இங்க ஒரே ஒரு அமைச்சர்தான். அவரு குழி தோண்டுவாரு, செடி நட மாட்டாரு."

நாய் தன் பெயரைக் கேட்டு வாலை ஆட்டியது. வெர்காராவோடு வந்த படகோட்டி அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை வெர்காரா மறக்கவில்லை.

ஊரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பதினாலு வீட்டில் ஏழு வீடு கையெழுத்துப் போட்டது. சிலரை மிரட்டினார்கள், சிலருக்குச் சலித்துப்போனது. மிச்சம் ஏழு வீட்டில் பெசிகோ வீடுதான் தொண்டையில் சிக்கிய முள். மேலே அணை கட்டுகிற இடத்துக்குப் பாதை அந்த வளைவு வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு. மழை விடுகிற சில வாரங்களுக்குள் பாதை போடாவிட்டால் அந்த வருடம் வேலை நடக்காது. ஆக, அவள் வீடு போனால் அணை வரும், அணைக்கு மேலே இருக்கிற அத்தனை பேர் நிலமும் தண்ணீருக்குள் போகும். வீடு நின்றால் பள்ளத்தாக்கு நிற்கும். இது அவளுக்கும் தெரியும், வெர்காராவுக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் எலாதியோ அந்த வேலையிலேயே போய்ச் சேர்ந்தான். "உங்க பையன்களுக்கு வேலை குடுக்கறோம்" என்று அணை கட்டுகிற கம்பெனிக்காரர்கள் ஒன்பது ஙாபே பையன்களை எடுத்தார்கள். எலாதியோவுக்கு மண் தள்ளும் மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். தெல்பினாவைக் கூட்டிக்கொண்டு வேலைக்காரர் குடியிருப்புக்குப் போனான். போகிற அன்று பெசிகோ நாயை வைத்துக்கொண்டு காது கூசுகிற மாதிரித் திட்டினாள். வேலிக்கு அப்பால் நின்று கேட்டவன், "அமைச்சரே, பொறக்கப்போற புள்ளைக்காகத்தான் போறேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெல்பினா தனியாகப் படகில் வந்தாள். ஏழு மாத வயிறு. வந்ததும் அழுதாள்.

"செவ்வாக்கெழமை மெஷின் வருதும்மா."

"வரட்டும்."

"ஓட்டுறது அவரும்மா."

பெசிகோ வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நான் ஓட்டலேன்னா வேற எவனாவது ஓட்டுவான்னு சொல்றாரு. நான்னா தூண உடைக்காம, பலகையப் பிளக்காம, பதமா எடுத்து வச்சுருவேன்னு சொல்றாரு."

"வெட்டுறதுதான் வெட்டுறான், மெதுவா வெட்டுவானாமா?" என்றாள் பெசிகோ. அவளுக்கு நெஞ்சு வலித்தது. வெர்காரா வந்தபோது வராத வலி. ஆற்றில் குதித்த பையனைப் பற்றி மூன்று வருடமாக ஊரெல்லாம் பெருமை பேசியவள் அவள்.

"நீ இருக்க மாட்டேன்னு சொல்லியிருக்காங்கம்மா அவர்கிட்ட. காலையிலயே போலீஸ் படகுல வந்து உன்னக் கூட்டிட்டுப் போயிடுமாம். வீடு காலின்னு தகவல் போன அப்புறம்தான் மெஷின் கெளம்புமாம்."

பெசிகோ வாழைக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க நம்ம பையனுங்க எத்தன பேருடீ?"

"ஒம்பது."

"எத்தன பேருக்குக் கல்யாணம் ஆச்சு?"

"ஏழு பேருக்கு. ஏன்?"

"ஏழு பேருக்கும் மாமியாருங்க இருப்பாளுங்கல்ல?"

"ஒருத்தரோட மாமியார் செத்துட்டாங்களே."

"தங்கச்சிக்காரி இருக்காளே. மாமியாருக்குத் தங்கச்சியும் மாமியார்தான்."

தெல்பினாவுக்குப் புரிந்ததும் அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெசிகோ சிரிக்கவில்லை. நார்ப்பையை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் புறப்பட்டாள். அது மெச்சியின் வீடு. அவள் மருமகன் அதே கூட்டத்தில் மரம் அறுக்கிறவன்.

"அக்கா, எனக்கு வெக்கமா இருக்கே" என்றாள் மெச்சி. "நானே போய் அவன் முன்னாடி நிக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா? ஊரு இருந்தாத்தான்டீ சொல்லும்."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போலீஸ் படகு வந்தது. ஆறு பேர். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அடுப்பு அணைந்திருந்தது, தையல் மெஷின் இல்லை, நாய்கூட இல்லை. "காலி" என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்த நேரம் ஏழு பெண்களும் தெல்பினாவும் கொக்கோ மரங்களுக்கு நடுவில், அமைச்சரின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மெஷின் சத்தம் வளைவுக்கு வந்தது. முன்னால் மஞ்சள் மெஷின், பின்னால் ரம்பமும் கோடரியுமாகப் பையன்கள், கடைசியில் வெர்காராவின் வெள்ளை வண்டி. எலாதியோ வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தான், எந்தத் தூணை முதலில் கழற்றலாம் என்று. அவன் பார்க்காத பக்கத்திலிருந்து பெசிகோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து பாதை நடுவில் போட்டாள். மெஷினைப் பார்த்து உட்கார்ந்தாள். தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

எலாதியோவின் கண்ணில் முதலில் பட்டது சிவப்பு நாகுவா. அதற்கு மேலே பார்க்கவில்லை. மூன்று வருடப் பழக்கம் உடம்பில் ஊறிக் கிடந்தது. கை தானாக மெஷினை நிறுத்தியது, கழுத்து தானாகத் திரும்பியது. அன்றைக்குப் பாலத்திலிருந்து எப்படிக் குதித்தானோ அப்படியே குதித்துக் காட்டுவாழைப் புதருக்குள் ஓடி மறைந்தான்.

பின்னால் வந்தவர்களுக்கு என்ன ஏது என்று விளங்குவதற்குள் மெச்சி வந்து உட்கார்ந்தாள். அவள் மருமகன் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினான். அடுத்தவள் வந்தாள், அடுத்தவன் போனான். ஏழு பேர் உட்கார்ந்து முடித்தபோது புதரில் ஏழு முதுகுகள். கல்யாணமாகாத இரண்டு பையன்கள் மட்டும் முழித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன தம்பிகளா, நிக்கிறீங்க?" என்று மெச்சி குரல் கொடுத்தாள். "நாளைக்கு எங்கள்ல யாரு வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரப்போறீங்களோ, யோசிச்சுக்குங்க."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு புதருக்குள் இறங்கினார்கள்.

வெர்காரா வண்டியிலிருந்து இறங்கினார். "என்னய்யா ஆச்சு இவனுங்களுக்கு? பேயப் பாத்தானுங்களா?"

போலீஸ்காரர்களில் ஒருவர் உள்ளூர்ப் பக்கத்து ஆள். மீசைக்குள் சிரித்துக்கொண்டே, "பேய் இல்ல சார், மாமியாரு" என்றார்.

வெர்காராவுக்குக் கோபம் வந்ததே ஒழிய விஷயம் புரியவில்லை. புதரைப் பார்த்து வேலை போய்விடும் என்று கத்தினார், வெளியே வா என்று மிரட்டினார். ஒரு தலைகூட நிமிரவில்லை. கடைசியில் நகரத்திலிருந்து வேறு ஓட்டுநரை வரச்சொல்லிவிட்டு வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆள் வந்து சேரப் பிற்பகல் ஆகும்.

பெண்கள் பாதையிலேயே அடுப்பு மூட்டினார்கள். வாழைக்காய் வெந்தது, பிபா பழம் உப்புப் போட்டு வெந்தது. தெல்பினா தட்டுத் தட்டாகப் புதருக்குள் கொண்டுபோனாள். எதிரிக்கே சோறா என்று யாரோ கேட்டதற்கு மெச்சி, "மருமகன் பட்டினி கெடந்தா பழி யாருக்கு? நமக்குத்தான்" என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் பெசிகோ நாயைக் கூப்பிட்டாள். இந்த முறை திட்டவில்லை. புதருக்குக் கேட்கிற குரலில், நாயின் முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசினாள்.

"அமைச்சரே, இங்க வந்து உக்காரு. எங்கப்பாவப் பத்தி உனக்குச் சொன்னதில்ல. நல்ல மனுஷன். யாருக்கும் கெடுதல் நெனைக்காத மனுஷன். அவரும் இதேதான் சொன்னாரு, நாம மாட்டேன்னா வேற எவனாவது புடுங்கிக்குவான், அதுக்கு மரியாதையா ஒத்துக்கிட்டா புள்ளைங்களுக்கு ஏதாச்சும் மிஞ்சும்னு. மிஞ்சிச்சு. இந்த டப்பா மிஞ்சிச்சு." டப்பாவைத் திறந்து அந்தத் தாளை நாயின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாரு. எங்கப்பா விரலு. இந்த விரல வச்சதுக்காக அவரு என் முகத்தயே சரியாப் பாத்ததில்ல. வெக்கம். நீ முகம் பாக்காம இருக்கிறது மரியாதை. பெத்த புள்ள முகத்தப் பாக்க முடியாமப் போறது மரியாதை இல்ல. அது வேற. பொறக்கப்போற புள்ளைக்காகன்னு சொன்னியே, அந்தப் புள்ள முகத்த நீ பாக்க வேணாமா?"

நாய் தாளை நக்கப் பார்த்தது. பெசிகோ டப்பாவை மூடிவிட்டு முந்தி போலவே மெஷினைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மெச்சி மட்டும் பார்த்தாள்.

இரண்டு மணி வாக்கில் புது ஓட்டுநர் வந்தார். பருத்த ஆள், வெளியூர், யாருக்கும் மருமகன் இல்லை. எலாதியோ சாவியைக் கொண்டுபோயிருந்தான்; இவரிடம் வேறு சாவி இருந்தது. மெஷின் உறுமியது. போலீஸ்காரர்கள் பெண்களைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்கள். இழுத்து விட்டுவிட்டு அடுத்தவளிடம் போவதற்குள் முதலாமவள் பழைய இடத்துக்கு வந்துவிடுவாள். இந்த இழுபறியில் முக்காலி உடைந்தது. பெசிகோ எழுந்து நின்றாள்.

"மெதுவா நகத்துய்யா, தானா விலகுவா" என்றார் வெர்காரா.

மெஷின் நகர்ந்தது. அந்த இரும்புத் தகடு அவள் உயரத்துக்கு இருந்தது. பத்தடி. ஆறடி. விலகிவிடு என்று பெசிகோவின் உடம்பு சொன்னது. "ஞாகரே" என்று உடம்புக்கும் சொன்னாள். கை நீட்டினால் தகட்டைத் தொடலாம் என்கிற தூரத்தில் அவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

அவள் பாதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாதம் இருந்தது. சேறு படிந்த இடது பாதம். பெருவிரலில் நகம் இல்லை.

அவள் தலையைத் திருப்பவில்லை. அவனும் திருப்பவில்லை. இரண்டு பேரும் மெஷினைப் பார்த்து நின்றார்கள். ஒரே பக்கம் பார்த்து நிற்கிறவர்கள் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லையே. இத்தனை காலம் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மெச்சியின் மருமகன் வந்து மெச்சிக்குப் பக்கத்தில் நின்றான். அப்புறம் ஒவ்வொருத்தனாக வந்தார்கள், கல்யாணமாகாத அந்த இரண்டு பேர் உட்பட. பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் ஆள்.

பருத்த ஓட்டுநர் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினார். "சார், நான் மண்ணு தள்ளத்தான் வந்தேன். மனுஷனத் தள்ள வேற ஆளப் பாருங்க."

வெர்காரா நேராக எலாதியோவிடம் வந்தார். சட்டை மடிப்பெல்லாம் கலைந்துபோயிருந்தது. "கடைசியாக் கேக்கறேன். நாளைக்கு மெஷின்ல ஏறுவியா, மாட்டியா?"

எலாதியோ மாமியாருக்குப் பக்கத்தில் நின்று, அவள் காது கேட்க, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு அதிகாரியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

"ஞாகரே."

வெர்காரா வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். மறுநாளும் வந்தார்கள், அடுத்த வாரமும் வந்தார்கள். மெச்சியையும் இரண்டு பையன்களையும் ஒன்பது நாள் உள்ளே வைத்தார்கள். எலாதியோவுக்கு வேலை போனது. ஆனால் அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, அந்த வருடம் பாதை வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. போட்ட வரைக்கும் உள்ள பாதை பெசிகோவின் சேம்புக் கொல்லைக்குக் கீழே வந்து நிற்கிறது. அதில் இப்போது புல் மண்டிக்கிடக்கிறது. இந்த நிலத்தைப் பற்றிய வழக்கு தலைநகரத்தில் நடக்கிறது. கையெழுத்துப் போட்ட ஏழு வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

தெல்பினாவுக்குப் பெண் பிறந்தது. அரிசி மூட்டைக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்ட ஒருத்தி பிள்ளையைப் பார்க்க வந்து, "அப்படியே அப்பன் மூக்கு, உரிச்சு வச்சிருக்கு" என்றாள். பெசிகோ பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"அமைச்சரே, சப்ப மூக்குக்காரன்தானா அவன்?" என்றாள். "நான் என்னமோ எடுப்பா இருக்கும்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!"

வேலிக்கு அப்பால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

வீட்டுக்கு முன்னால் பாதையோரம் இப்போது இரண்டு முக்காலிகள் கிடக்கின்றன. இரண்டையும் எலாதியோதான் செய்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஆற்றின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தபடி போட்டிருக்கிறது. போன வியாழக்கிழமை கீழே எங்கேயோ மெஷின் சத்தம் கேட்டது. பெசிகோ பிள்ளையைத் தெல்பினா கையில் கொடுத்தாள். அவள் போய் உட்காரும்போது பக்கத்து முக்காலியில் ஏற்கெனவே ஆள் இருந்தான்.

"அமைச்சரே, சாப்பிட்டானான்னு கேளு" என்றாள் பாதையைப் பார்த்துக்கொண்டே.

"அமைச்சரே, அவங்க போன அப்புறம் சாப்பிட்டுக்கலாம்னு சொல்லுங்க" என்றான் எலாதியோ, அவனும் பாதையைப் பார்த்துக்கொண்டே.